தகரக் கூரை அறையில் வரதராஜன்

ரீட்டா, போன மாதம் பரீட்சைக்குப் படிக்கும்போது ஒரு பழைய அமெரிக்க நாவலின் கதையை எனக்குச் சொன்னாய். ஒரு மளிகைக் கடைப் பையன் ஊரை விட்டுப் போய், வேறு ஊரில் வேறு பெயர் வைத்துக்கொண்டு, மரவியாபாரத்தில் பெரும் பணக்காரன் ஆகிறான். குன்றின் மேல் வீடு கட்டுகிறான். கிழவியாகிவிட்ட அவன் அம்மா தேடி வந்து கடைத்தெருவில் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். அவன் திரும்பாமல் நடந்துபோகிறான். பணம், ஒழுக்கம், அமெரிக்கக் கனவு ஆகிய மூன்றும் இந்தக் கதையில் எப்படி வருகின்றன என்று பத்து மதிப்பெண் கேள்வி வரும் என்றாய்.

“அவன் கெட்டவன் இல்லப்பா. அந்தப் பேர் அவன் காதுல விழவே இல்ல, அவ்ளோதான்” என்று நீயாகவே ஒரு பதிலும் சொன்னாய்.

நான் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று எழுந்துபோனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை என்பது உனக்கும் தெரியும். பிரவீன், நீயும் சின்ன வயதிலிருந்து ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கிறாய். அறுபத்து நாலு நிறம் இருந்த அந்தக் கிரேயான் பெட்டியை யார் கொடுத்தது என்று. இரண்டுக்கும் ஒரே பதில்தான். பள்ளிக்கூட ஆபீஸ் வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றாயிற்று. இனி எழுதிவிடலாம்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. வரைதான். அல்சூர் ஏரிக்கரைப் பக்கம் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் டைப்பிங் லோயர், ஹையர் முடித்தேன். அடுகோடியில் ஸ்விட்ச் செய்யும் தொழிற்சாலையில் பதினான்கு வருடம் டைப்பிஸ்ட். தொண்ணூற்றொன்றுக்குப் பிறகு வெளிநாட்டுச் சரக்கு வர ஆரம்பித்தது. எங்கள் ஸ்விட்ச் கொஞ்சம் கொஞ்சமாக விலைபோகாமல் போனது, ஒருநாள் கதவில் பூட்டு. கோர்ட் வாசலில் மனு அடித்துக் கொடுத்துக் கொஞ்ச காலம் ஓட்டினேன். தொண்ணூற்றேழில் ஜே.கே. சாரிடம் சேர்ந்தேன்.

அடுகோடியில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடி. போர்டில் கன்சல்டன்சி என்று இருக்கும். அப்போது அமெரிக்காவில் கம்ப்யூட்டர்கள் எல்லாம் இரண்டாயிரம் வருடம் பிறந்ததும் தேதி குழம்பி நின்றுவிடும் என்று பயந்து, ஆட்களை வாரிக்கொண்டிருந்தார்கள். ஆனால் நாலு வருட அனுபவம் கேட்டார்கள். நம் பையன்களுக்கு ஆறு மாத கோர்ஸ்தான் இருந்தது. நடுவில் இருந்த மூன்றரை வருடத்தை நாங்கள் செய்து கொடுத்தோம்.

எப்படி என்று மறைக்காமல் சொல்கிறேன். ஐந்து கம்பெனிகள் எங்களிடம் இருந்தன. ஒன்றும் உலகத்தில் கிடையாது. ஐந்துக்கும் தனித்தனி லெட்டர்ஹெட், தனித்தனி டைப்ரைட்டர், தனித்தனி டெலிபோன். நாலு வருடத்துக்கு முந்தைய வேலைக் கடிதம் என்றால், அடித்த காகிதத்தை மொட்டைமாடியில் செங்கல் வைத்து இரண்டு நாள் வெயிலில் காயப்போடுவேன். பிறகு நாலாக மடித்து ஒருநாள் முழுக்க என் பேன்ட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு திரிவேன். மாலையில் எடுத்தால் நாலு வயது ஆகியிருக்கும்.

மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன அறை. அதுதான் ஐந்து கம்பெனிகளும். ஒரு மேஜை, ஐந்து போன், ஒவ்வொன்றின் மேலும் ஒட்டிய சீட்டு. பக்கத்தில் ஒரு நீள நோட்டு. இல்லாத மேனேஜர்களுக்கு ஆளுக்கு ஒரு பக்கம் அதில் இருந்தது. பெயர், சொந்த ஊர், படிப்பு, சைவமா அசைவமா, எந்த மையில் கையெழுத்து. அமெரிக்காவிலிருந்து விசாரித்துப் போன் வந்தால் சீட்டைப் பார்த்து, பக்கத்தைத் திருப்பி, அந்த ஆளாகப் பேச வேண்டும். எழுதியிருப்பதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது. அதுதான் சட்டம்.

பேசும்போது ஒரு டேப்ரெக்கார்டரை ஓடவிட வேண்டும். ஏதோ ஒரு பெரிய ஆபீஸில் பதிவு செய்த கேசட். டைப் சத்தம், நாற்காலி இழுக்கிற சத்தம், தூரத்தில் போன் மணி. ஏழாவது நிமிடத்தில் ஒரு பெண் சிரிப்பாள். அடக்க முடியாமல் வெடித்து, நடுவில் மூச்சு வாங்கி, மறுபடியும் சிரிப்பாள். முதல் தடவை கேட்டபோது நானும் சிரித்தேன். நூறு தடவைக்குப் பிறகு அந்த இடத்தைக் கேட்கவே பிடிக்கவில்லை. என்ன பேசிக்கொண்டிருந்தாலும் ஏழு நிமிடத்துக்குள் முடித்துவிடப் பார்ப்பேன்.

ஜே.கே. சார் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. எல்லாரையும் நீங்க, வாங்க என்பார். உச்சி வெயிலிலும் கோட்டு, டை. சுவரில் நியூயார்க் நேரம் காட்டும் கடிகாரம் ஒன்றுதான் உண்டு. சாயங்காலம் ஆறரைக்குப் படியேறி வந்து, “குட் மார்னிங் அந்தோணி” என்பார். நாங்களும் குட் மார்னிங் சொல்ல வேண்டும். அப்போதுதான் அவருக்குக் காலை டிபன். வெளியே தெருவிளக்கு எரியும், உள்ளே இவர் இட்லியைப் பிட்டுக்கொண்டே, “இன்னிக்கு வெதர் நல்லா இருக்கு, ராத்திரி ஸ்நோ நின்னுடுச்சு” என்பார். யாரும் சிரிக்கமாட்டோம். அமெரிக்காவில் எம்.எஸ். படித்தவர் என்று சொல்லியிருந்தார். பனி எப்படிக் காலுக்கடியில் நறநறக்கும் என்று அவர் சொல்லும்போது எனக்கே கால் சில்லிடும்.

ஒருநாள் மட்டும் கேட்டேன். “சார், இது பாவம் இல்லீங்களா?”

“பொய் சொன்னாத்தான பாவம்? அந்தப் பசங்க நாளைக்கு எப்படியும் வேலை கத்துக்கப் போறாங்க. நாளைக்கு வரப்போற உண்மைய நாம இன்னிக்கே டைப் பண்றோம். சும்னே தலைய ஒடச்சிக்காதீங்க.”

அந்தச் சம்பளத்தில்தான் நீங்கள் இருவரும் கான்வென்ட் போனீர்கள். நானும் சும்மா தலையை உடைத்துக்கொள்ளவில்லை.

தொண்ணூற்றெட்டில் ஆனேக்கல் பக்கமிருந்து முனிராஜ் வந்தான். வீட்டில் பட்டுப்பூச்சி வளர்ப்பு. பி.எஸ்சி. முடித்தவன். அவன் அப்பா மல்பெரித் தோட்டத்தை விற்றுத்தான் அனுப்பினார். பையன்களுக்கு ஒரு பயிற்சி உண்டு. அவர்களுடைய ‘பழைய மேனேஜர்’ தினமும் போனில் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார். ஆளைக் காட்டமாட்டோம். “பார்த்த ஆள மறந்துடுவாங்க. கேட்ட குரல மறக்கமாட்டாங்க” என்பார் சார். முனிராஜ் கீழே ஹாலில் போன் முன்னால் உட்கார்ந்திருப்பான். நான் மாடியில் கேசட்டைப் போட்டுவிட்டு, ஒரு லைனிலிருந்து இன்னொரு லைனுக்கு டயல் செய்வேன். அப்போது நான் கே. வரதராஜன், பிராஜெக்ட் மேனேஜர், சொந்த ஊர் கும்பகோணம், சைவம், பச்சை மை.

எனக்கு எப்போதும் படபடப்புப் பேச்சு என்று உங்கள் அம்மா சொல்வாள். வரதராஜன் அப்படி இல்லை. தொண்டை கொஞ்சம் கரகரப்பு. நிறுத்தி நிறுத்திப் பேசுவார். முனிராஜ் பயத்தில் உளறும்போது, “அவசரம் இல்ல. மொதல்ல இருந்து சொல்லு” என்பார். கேள்விகளை சார் எழுதித் தந்துவிடுவார், அதை நான் வாசிப்பேன். ஆனால் இந்த ஒரு வரியை யாரும் எழுதித் தரவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

போனை வைத்துவிட்டுக் கீழே இறங்கி, டீ வாங்கிக் கொடுப்பேன். முனிராஜ் என்னிடமே சொல்வான்.

“அண்ணா, வரதராஜன் சார் இன்னிக்கு வெரிகுட் சொன்னாரு.”

“அப்படியா, நல்லதுப்பா.”

“நீங்க பாத்திருக்கீங்களாண்ணா அவர?”

“இல்லப்பா. அவரு எலக்ட்ரானிக் சிட்டி பிராஞ்சு.”

“நம்ம கதையெல்லாம் டூப்புன்னு தெரியும்ணா. ஆனா அவரு டூப்பு இல்லண்ணா. எங்கப்பாகூட என்கிட்ட இவ்ளோ நேரம் பேசினதில்ல.”

நாற்பது நாள் பேசினோம். கடைசி வாரத்தில் அவன் திடீரென்று, “சார், உங்களுக்குப் பசங்க இருக்காங்களா?” என்றான். நோட்டில் அந்த இடம் காலி. காலி என்றால் பேச்சை மாற்ற வேண்டும். நான் மாற்றவில்லை. “ஒரு பொண்ணு. ஒரு பையன். பொண்ணு படம் வரைவா” என்றேன். அன்றைக்கு நீங்கள் இருவரும் என் பிள்ளைகள் இல்லாமல் வரதராஜன் பிள்ளைகள் ஆனீர்கள். போனை வைத்தபோது அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

முனிராஜ் அமெரிக்கா போய் மூன்று மாதத்தில் பார்சல் வந்தது. ‘வரதராஜன் சாரின் குழந்தைகளுக்கு’ என்று எழுதியிருந்தது. உள்ளே அந்தக் கிரேயான் பெட்டி. சார், “யாருக்கு இது? இல்லாத பசங்களுக்கு வந்தத இருக்கிற பசங்களுக்குக் கொடுங்க” என்று சிரித்தார். நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ரீட்டா, அன்றிரவு ஒரு வீடு வரைந்து, வாசலில் ஒரு மனிதனை நிறுத்தினாய். முகத்தில் கண், மூக்கு, வாய் எதுவும் போடவில்லை. யார் இது என்றேன். “இன்னும் யாருன்னு தெரியலப்பா” என்றாய். அந்தக் காகிதத்தை நான் மடித்துப் பீரோவில் வைத்தேன், திரும்ப எடுக்கவே இல்லை.

அடுத்த வருடம் ஒரு புதன்கிழமை. பிரவீனுக்குக் காய்ச்சல். காலையில் சிரப் பாட்டில் மூடியில் ஐந்து மில்லி கோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பார்த்து ஊற்றிவிட்டுத்தான் வந்திருந்தேன். ராத்திரி ஏழரைக்கு வரதராஜன் போன் அடித்தது. கேசட்டைப் போட்டேன். அமெரிக்க அம்மாள் ஒருவர். குழந்தைகள் ஆஸ்பத்திரி. முனிராஜ் அங்கே வேலை செய்கிறான். மருந்து அளவைக் கணக்கிட்டுச் சொல்லும் கம்ப்யூட்டரில் தேதிகளை மாற்ற வேண்டும். அடுத்த வாரத்திலிருந்து அவனைத் தனியாக விடப் போகிறார்கள். நான் கொடுத்த கடிதத்தில் ‘தனித்து இயங்க வல்லவர்’ என்று இருக்கிறதாம். “உங்களிடம் இருந்த நாலு வருடத்தில் இப்படிப்பட்ட வேலையை அவர் தனியாகச் செய்திருக்கிறாரா? அவர் உங்களைப் பற்றி நிறையச் சொல்வார். அதனால் உங்கள் வாயால் கேட்க விரும்பினேன்” என்றார்.

நோட்டுப்படி பதில், ஆமாம். ஒரே வார்த்தை. நான் அதைச் சொல்ல வாய் திறந்தேன். வரதராஜன் குரல் வந்தது. ஆனால் வார்த்தை வேறு.

“வேண்டாம் மேடம். அவனைத் தனியாக விடாதீர்கள்.”

“நீங்கள்தானே எழுதிக் கொடுத்தீர்கள்?”

“எழுதியதும் நான்தான். இப்போது சொல்வதும் நான்தான். நல்ல பையன். கூட ஒருவர் உட்கார்ந்தால் கற்றுக்கொள்வான். குழந்தைகள் விஷயம்.”

ஏழு நிமிடம் தாண்டிவிட்டது போலிருக்கிறது. அந்தப் பெண் சிரித்தாள். மூச்சு வாங்கினாள். மறுபடி சிரித்தாள்.

“யார் சிரிப்பது?” என்றார் அமெரிக்க அம்மாள்.

இரண்டு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. “தெரியவில்லை மேடம்” என்றேன். அன்று நான் சொன்னதில் அதுவும் உண்மைதான்.

இரண்டு நாளில் விஷயம் சாரிடம் வந்துவிட்டது. முனிராஜைத் தனியாக விடாமல், ஒரு சீனியருக்குக் கீழே போட்டுவிட்டார்கள். எங்களுக்கு அங்கே ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட் கத்தியிருக்கிறான். சார் கத்தவில்லை. டிபனை முடித்து, கைகழுவி, துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டு வந்தார்.

“அந்தோணி, வரதராஜன் போயிட்டாரு.”

“எங்க சார்?”

“செத்துட்டாரு. ஹார்ட். லெட்டர் அடிச்சிடுங்க. கேக்கிறவங்களுக்கு அனுப்பணும்.”

அடித்தேன். ‘ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவிக்கிறோம்’ என்று ஆங்கிலத்தில் அடித்தேன். இத்தனை வருடத்தில் அவ்வளவு பிழையோடு நான் எதையும் அடித்ததில்லை. மூன்று தாள் கிழித்துப் போட்டு நாலாவதில் சரியாக வந்தது. சார் போன் மேலிருந்த சீட்டைச் சுரண்டி எடுத்து, சுந்தரேசன் என்று புதுச்சீட்டு ஒட்டினார். நோட்டில் வரதராஜன் பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் குறுக்கே ஒரு கோடு போட்டார். கீழே நான் பிறகு எழுதிச் சேர்த்திருந்த ‘ஒரு பெண், ஒரு பையன்’ என்ற வரிமேலும் கோடு ஓடியது. கோடு போடும் கையைப் பிடிக்கலாமா என்றிருந்தது. பிடிக்கவில்லை.

பிறகுதான் போன்கள் வந்தன. அவர் குரலைக் கேட்டுப் பயிற்சி பெற்ற பையன்கள், அமெரிக்காவின் எந்தெந்த ஊரிலிருந்தோ. “சார் போயிட்டாராமே” என்று அழுதார்கள். நான் சுந்தரேசன் குரலில், ஆமாம், அமைதியாகப் போனார் என்றேன். அந்த ஆஸ்பத்திரி அம்மாளும் கூப்பிட்டார். “நேர்மையான மனிதர்” என்றார். நன்றி என்று சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, “அவர் வீட்டாரிடம் சொல்கிறேன்” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முட்டி போட்டேன். வலைக்கு அந்தப் பக்கம் முகம் தெரியாத குரல், “சொல்லுங்க” என்றது. எனக்கு எந்தக் குரலில் பேசுவது என்றே தெரியவில்லை. எழுந்து வந்துவிட்டேன். உங்கள் அம்மா வெளியில், “இவ்ளோ சீக்கிரமா? பாவமே இல்லியா உங்களுக்கு?” என்று கிண்டல் செய்தாள்.

இரண்டாயிரத்து ஒன்றில் அமெரிக்காவில் வேலைகள் போய்ப் பையன்கள் திரும்ப ஆரம்பித்தார்கள். முனிராஜும் வந்தான். நல்ல ஷர்ட், உடம்பு வைத்திருந்தான். நேராக என் மேஜைக்கு வந்தான்.

“அண்ணா, வரதராஜன் சார் வீடு எங்க?”

“எதுக்குப்பா?”

“அப்பா இல்லாத பசங்கண்ணா. நான் படிக்க வைக்கறேன். காலேஜ் வரைக்கும். அந்தப் பொண்ணு நல்லா படம் வரைவாளாம். அவரு என்னைத் தனியா விடாதீங்கன்னு சொன்னாராம், அந்த மேடம் சொன்னாங்க. அன்னிக்குக் கோவமா இருந்துச்சு. அப்புறம் ஒரு ராத்திரி நான் போட்ட மருந்துக் கணக்குல ஒரு டெசிமல் பாயின்ட் தப்பு. பக்கத்துல உக்காந்திருந்தவரு பாத்துட்டாரு. இல்லன்னா...” அவனால் முடிக்க முடியவில்லை. “வீடு தெரியலன்னாலும் பரவால்லண்ணா. அந்த ஆபீஸ்ல ஒரு அம்மா சிரிப்பாங்களே, அவங்களையாவது காட்டுங்க.”

ஏதோ ஒரு விலாசத்தைச் சொல்லி, அவன் தருவதை வாங்கி, உங்களுக்கே செலவழித்திருக்கலாம். பெயர் மட்டும்தானே வேறு, பிள்ளைகள் அதேதான் என்று ஒரு நிமிடம் நினைக்கவும் செய்தேன். மறைக்க விரும்பவில்லை. அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி, அந்தக் குரலில் சொன்னேன்.

“முனிராஜ். அவசரம் இல்ல. மொதல்ல இருந்து சொல்லு.”

அவன் இரண்டடி பின்னால் போனான்.

“சார் செத்துட்டாருண்ணா. அவர மாதிரி பேசாதீங்க.”

“நான்தாம்பா...”

“வெக்கமா இல்ல? டீ வாங்கிக் கொடுத்தவருதான நீங்க? அந்தப் பசங்களுக்குப் போறத நடுவுல அமுக்கப் பாக்குறீங்களா?”

படியில் அவன் இறங்கும் சத்தம் கீழே லேத் சத்தத்தில் கலந்து போயிற்று.

சில வாரத்தில் ஜே.கே. சாரும் காணாமல் போனார். வீட்டுக்காரர் பூட்டை உடைத்தபோது நானும் போனேன். நியூயார்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. சார் மேஜை டிராயரில் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும் பாரம் ஒன்று இருந்தது. மடித்து மடித்துப் பழுத்த காகிதம். இதை நான் பாக்கெட்டில் வைத்துப் பழசாக்கவில்லை. பிறந்த ஊர், படிப்பு எல்லாம் நிரப்பியிருந்தார். பெயர் என்ற கட்டம் மட்டும் காலி. அமெரிக்காவுக்கு அவர் போனதே இல்லை.

பிறகு அல்சூரில் பள்ளிக்கூட ஆபீஸில் சேர்ந்தேன். அங்கே எல்லாம் உண்மையான பெயர்கள். ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் அட்மிஷன் சமயம். குனிந்து ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தேன். வராந்தாவில் ஏதோ ஒரு குழந்தை கையை விட்டு ஓடியிருக்கிறது. அதைக் கூட்டிவந்த ஆயா, பொடியன்களைச் செல்லமாகக் கூப்பிடும் கன்னடத்தில் பின்னாலிருந்து கத்தினாள்.

“ஏய் புட்டா! வரதராஜன்! நில்லு!”

நான் திரும்பினேன். திரும்பியது மட்டும் இல்லை. “ம்... சொல்லுங்க” என்று வாயிலிருந்து வந்துவிட்டது. எட்டு வருடமாகப் பேசாத அந்தக் கரகரப்பில், அந்த நிதானத்தில்.

கவுன்டருக்கு அந்தப் பக்கம் கையில் அட்மிஷன் பாரத்தோடு முனிராஜ் நின்றுகொண்டிருந்தான். பையன் ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டான். பாரத்தில் மாணவன் பெயர் என்ற இடத்தில் வரதராஜன் என்று எழுதியிருந்ததை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவன் பார்த்தான். பொய் சொல்கிறவன் குரலை மாற்றலாம். இல்லாத பெயருக்குத் தன்னை அறியாமல் திரும்பிப் பார்ப்பதை யாரும் நடித்துச் செய்ய முடியாது. அது அவனுக்குப் புரிந்தது. எனக்கும் அப்போதுதான் புரிந்தது. அந்தோணி என்று கூப்பிட்டிருந்தால் நான் அவ்வளவு வேகமாகத் திரும்பியிருப்பேனா என்று இன்றும் யோசிக்கிறேன், ரீட்டா.

அவன் கண் கலங்கியதா, கோபமா என்று தெரியவில்லை. பையனை ஆயாவிடம் அனுப்பினான். சுவரோரம் கிடந்த ஸ்டூலை இழுத்து என் முன்னால் போட்டு உட்கார்ந்தான்.

“அவசரம் இல்லண்ணா” என்றான். “மொதல்ல இருந்து சொல்லுங்க.”